வாய் ஒரு சுமாரான செக்கு

புளியங்குடிப் பேருந்து நிலையத்தை ஒட்டி, வெயில் தாழ்ந்ததும் ஒரு கடலை வண்டி வந்து நிற்கும். அகலமான இரும்புச் சட்டி, அதில் கறுத்துப்போன மணல், மணலுக்குள் நிலக்கடலை. வண்டிக்காரர் வறுத்துக்கொண்டே அவ்வப்போது சட்டுவத்தைச் சட்டியின் விளிம்பில் ஓங்கித் தட்டுவார். அவருக்கு விளம்பரம் அதுதான். பக்கத்தில் ஒரு குண்டானில் அவித்த கடலை, மேலே ஈரச்சாக்கு. எலுமிச்சைக்குப் பேர்போன ஊர் என்பதால், கேட்டால் அரை மூடி பிழிந்தும் தருவார்.

ராஜபாளையம் பஸ்ஸுக்காக நானும் மாமாவும் காத்திருந்தோம். ஒரு பொட்டலம் வாங்கி அவரிடம் நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம் மாப்ள. கடலைன்னா கொழுப்புல்லா. ஸ்டென்ட் வச்ச அன்னைக்கே விட்டுட்டேன்."

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் டீக்கடையில் இரண்டு உளுந்து வடையும், சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் முடித்திருந்தார். கையில் இருந்த மஞ்சள் பைக்குள் அத்தைக்கு என்று சொல்லி வாங்கிய கால் கிலோ மிக்சர். அத்தை மிக்சர் தின்று நான் பார்த்ததில்லை.

மாமா சொன்னதில் பாதி உண்மை. நிலக்கடலைப் பருப்பின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய்தான். நூறு கிராம் பருப்பில் 49 கிராம் வரை கொழுப்பு, 25 கிராம் புரதம், எட்டு கிராமுக்கு மேல் நார்ச்சத்து. ஆற்றல் 560 கலோரிக்கும் அதிகம். இந்தக் கணக்கை மட்டும் பார்க்கிற எவரும் இதய நோயாளியிடம் கடலையை நீட்ட மாட்டார்கள். கொலஸ்டிரால் மட்டும் அதில் இல்லை. அது விலங்குகளின் உடலில் உண்டாகும் சரக்கு, செடிகளில் அது கணக்கில் வராத அளவுதான். "கொலஸ்டிரால் அற்றது" என்று கடலை எண்ணெய் டின்னில் பெரிதாக அச்சடிப்பது, "இந்த மாடு முட்டையிடாது" என்று சொல்லி விற்பது போலத்தான்.

ஆனாலும் உலகம் முழுவதும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, கொட்டைகளும் பருப்புகளும் தினமும் கொஞ்சம் தின்பவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருகிறது என்றே ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எடையும் அந்தக் கலோரிக் கணக்குப்படி ஏறுவதில்லை. பாதி எண்ணெயாக இருக்கும் ஒரு பண்டம் இதயத்துக்கு எப்படி நல்லதாகும்? விடை கடலைக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் அந்த எண்ணெய் அங்கே வைக்கப்பட்டிருக்கும் விதத்தில்.

சங்கரன்கோவில் பக்கத்துச் செம்மண் காட்டில் ஒரு கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பூ மேலே பூக்கிறது, காய் கீழே காய்க்கிறது. சின்ன மஞ்சள் பூ காலையில் விரிந்து, தன் மகரந்தத்தாலேயே கருவுற்று, அன்றைக்கே வாடிவிடும். சில நாட்களில் பூ இருந்த இடத்திலிருந்து ஊசி போல் ஒன்று புறப்பட்டு, தரையை நோக்கி வளைந்து, மண்ணைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். விழுது என்பார்கள் சம்சாரிகள். விழுதின் நுனியில்தான் கரு இருக்கிறது. இருட்டும் ஈரமும் மண்ணின் அழுத்தமும் கிடைத்த பிறகுதான் அது காயாக உருளத் தொடங்கும். மண்ணுக்கு எட்டாத விழுது அப்படியே காய்ந்துபோகும். விழுது இறங்கும் நாற்பது நாற்பத்தைந்தாம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பது இதற்காகத்தான். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து வேர் வழியாக மேலே போய்த் திரும்பிவராது, காயே தன் தோலால் மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அது கிடைக்காவிட்டால் மேலே ஓடு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. பொக்கு.

இவ்வளவு பாடுபட்டு ஒரு செடி மண்ணுக்குள் கொண்டுபோய் வைப்பது தன் குழந்தைக்கான கட்டுச்சோறு. அடுத்த மழையில் முளைக்கும் கன்று, வெளிச்சத்தைப் பார்த்து முதல் இலையை விரிக்கும் வரை இதைத் தின்றே வாழ வேண்டும். மாவைவிட எண்ணெயில் எடைக்கு இரு மடங்கு ஆற்றல் இருக்கிறது, அதனால் எண்ணெயாகக் கட்டிக்கொடுக்கிறது. அப்படியே ஊற்றிவைத்தால் ஒன்றோடொன்று கலந்து கெட்டுப்போகும். எனவே மிக நுண்ணிய துளிகளாக்கி, ஒவ்வொரு துளிக்கும் மேலே புரதத்தால் ஒரு சட்டை போட்டு, துளிகளை நெருக்கமாக ஒரு செல்லுக்குள் அடுக்கி, செல்லைச் சுற்றி நார்ச்சத்தால் சுவர் எழுப்பிவிடுகிறது. மாமா கொழுப்பு என்று ஒதுக்கிய பருப்பு இப்படிப்பட்ட லட்சக்கணக்கான சிறு பெட்டகங்களின் குவியல்.

நம் குடலில் அந்தச் சுவரைக் கரைக்கும் நொதி கிடையாது. பல்தான் உடைக்க வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாதாம் பருப்பின் ஒரு செல், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு அகலம். நீங்கள் மென்ற பிறகு வாயில் ஒரு மில்லிமீட்டர் கனசதுரமாக ஒரு துணுக்கு மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீளத்தில் முப்பது, அகலத்தில் முப்பது, உயரத்தில் முப்பது என்று அதற்குள் 27,000 செல்கள் இருக்கும். வெளிமுகத்தில் இருப்பவை மட்டும் ஐயாயிரம் சொச்சம். பல்லால் கிழிபடக்கூடியவை அந்த வெளிவரிசைதான். உள்ளே இருக்கும் 22,000 பெட்டகங்களும் பூட்டியபடியே வயிற்றுக்குள் இறங்குகின்றன. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பீட்டர் எல்லிஸின் குழு ஆட்களைப் பாதாம் மெல்லச் சொல்லி, விழுங்குவதற்கு முன் துப்பச் சொல்லி, துப்பியதை ஆராய்ந்தது. இப்படியும் ஒரு வேலை. எண்ணெயில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் வெளியே வந்திருந்தது. மீதியில் ஒரு பகுதி குடலில் மெல்ல மெல்லக் கசியும், இன்னொரு பகுதி பெருங்குடல் வரை போய் அங்கிருக்கும் நுண்ணுயிர்களுக்கு இரையாகும், கொஞ்சம் அப்படியே வெளியேறிவிடும்.

நம்மூர்ச் செக்கைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. பழைய செக்கில் மாடு சுற்றிச் சுற்றி வர, உலக்கை கடலையை உரலோடு வைத்து நெரிக்கும். இன்று மாட்டின் இடத்தில் மோட்டார். அவ்வளவு நேரம் அரைத்தும் எண்ணெய் முழுவதும் வருவதில்லை. மிச்ச எண்ணெயோடுதான் புண்ணாக்கு வெளியே வருகிறது, அதற்காகத்தான் மாடு அதை அவ்வளவு ஆசையாகத் தின்கிறது. மரச்செக்குக்கே இந்த நிலை என்றால், பஸ் வந்துவிடுமோ என்று அவசரமாக மெல்லுகிற வாய் எம்மாத்திரம்? வாய் ஒரு சுமாரான செக்கு. அந்தச் சுமார்த்தனம்தான் நமக்கு லாபம்.

இந்த லாபத்தை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1980-இல் அமெரிக்காவில் ஒரே ஆட்களுக்கு முழுக் கடலை, அரைத்த கடலை வெண்ணெய், கடலை எண்ணெய் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். முழுக் கடலை தின்றபோது கொழுப்பில் சுமார் 18 சதவீதம் செரிக்காமல் மலத்தோடு போனது. அரைத்ததில் 7 சதவீதம், எண்ணெயில் 4.5. பண்டம் ஒன்றுதான், கொழுப்பும் ஒன்றுதான், பெட்டகம் உடைந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். 2012-இல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் பாதாமை எடுத்துக்கொண்டார்கள். 28 கிராம் பாதாமில் 170 கலோரி என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. மனித உடலுக்கு உண்மையில் கிடைத்தது 129. நூறாண்டுக்கு மேலாகப் புழங்கிவந்த ஒரு கணக்குமுறை இந்தப் பருப்பிடம் தோற்றுப்போனது.

சரி, எடை ஏறவில்லை என்பது ஒன்று. இதயத்துக்கு நல்லது என்று எப்படித் தெரிந்தது?

கதை கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் தொடங்குகிறது. அங்கே ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் நிறைய வாழ்கிறார்கள். புகையும் குடியும் விலக்கப்பட்ட சபை, பலர் சைவம். என்ன தின்றால் என்ன ஆகிறது என்று பார்க்க ஆய்வாளர்களுக்கு இதைவிட வசதியான கூட்டம் கிடைக்காது, ஏனென்றால் குழப்புவதற்கு சிகரெட் இல்லை. கேரி ஃப்ரேசரின் குழு 31,000-க்கும் மேற்பட்டவர்களிடம் உணவுப் பழக்கத்தைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 1992-இல் முடிவு வந்தது. வாரத்தில் நான்கு தடவைக்கு மேல் கொட்டை தின்றவர்களுக்கு இதய நோய், எப்போதாவது தின்றவர்களில் பாதிதான். கேள்வித்தாளில் கொட்டைகள் பத்தோடு பதினொன்றாகத்தான் இருந்தன. யாரும் அவற்றைத் தேடிப்போகவில்லை.

அடுத்த ஆண்டே அதே ஊரிலிருந்து ஜோன் சபாட்டே 18 பேருக்கு வால்நட் கொடுத்து, கெட்ட கொலஸ்டிரால் என்று நாம் சொல்லும் எல்.டி.எல். 16 சதவீதம் இறங்குவதைக் காட்டினார். 2010-இல் அவரே உலகெங்கும் நடந்த 25 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, நாளுக்குச் சராசரி 67 கிராம் தின்றால் எல்.டி.எல். 7.4 சதவீதம் குறைகிறது என்று வந்தது. எந்தக் கொட்டை என்பதில் பெரிய பேதமில்லை.

ஆனால் ஒரு சந்தேகம் விடாது. பாதாமும் வால்நட்டும் தின்கிறவர் யார்? கையில் காசு உள்ளவர். காலையில் நடக்கப் போவார், வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை செய்துகொள்வார், பதறாத வேலையில் இருப்பார். அவர் அதிக நாள் வாழ்வது கொட்டையாலா, காசாலா? இதனாலேயே எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2015-இல் வந்த ஒன்று. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களின் ஏழைகள், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவர்களோடு ஷாங்காய் நகரத்து ஆண்களும் பெண்களும். மொத்தம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இவர்கள் தின்ற கொட்டையில் பெரும்பகுதி நிலக்கடலைதான், ஏனென்றால் அதுதான் கட்டுப்படியாகும். அங்கேயும் கடலை அதிகம் தின்றவர்களிடம் மரணம், குறிப்பாக இதய நோய் மரணம், குறைவாக இருந்தது. மாமாவைப் போன்றவர்களுக்கு லோமா லிண்டாவைவிட ஷாங்காய்தான் பக்கம்.

பின்தொடரும் ஆய்வுகள் எத்தனை வந்தாலும், குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்தும் சோதனைக்கு ஈடாகாது. ஸ்பெயினில் அதைச் செய்தார்கள். பிரெடிமெட் என்று பெயர். இதய நோய் வரக்கூடிய நிலையில் இருந்த 7,447 பேர். ஒரு பிரிவுக்கு ஆலிவ் எண்ணெய் இலவசம். இன்னொரு பிரிவுக்கு நாளுக்கு 30 கிராம் கொட்டை: வால்நட் 15, பாதாம் ஏழரை, ஹேசல்நட் ஏழரை. மூன்றாம் பிரிவுக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி அறிவுரை. 2013-இல் வெளியான முடிவில் முதல் இரண்டு பிரிவுகளிலும் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தன. பிறகு ஒரு சிக்கல் வெளிப்பட்டது. சில இடங்களில் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களைக் குலுக்காமல் ஒரே பிரிவில் போட்டிருந்தார்கள், ஒரு மையத்தில் ஊர் ஊராகப் பிரித்திருந்தார்கள். 2018-இல் ஆய்வாளர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கைப் புதிதாகப் போட்டு மறுபடி வெளியிட்டார்கள். முடிவு ஏறத்தாழ அதேதான். தப்பை ஒப்புக்கொண்டு திரும்ப வந்து நிற்கிற ஆய்வின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஸ்பெயின்காரன் உடம்பும் நம் உடம்பும் ஒன்றா என்று கேட்கலாம், கேட்க வேண்டும். நமக்கு உடல் மெலிந்திருந்தாலும் வயிறு முன்னால் நிற்கும். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடுதல், நல்ல கொலஸ்டிரால் என்று சொல்லும் எச்.டி.எல். குறைவு, இன்சுலின் சொன்ன பேச்சைத் தசை கேட்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். இந்த உடம்புக்குக் கொட்டை என்ன செய்யும் என்ற கேள்விக்கு விடை தேடிய இடங்களில் முக்கியமானது நம் சென்னையில் டாக்டர் வி. மோகன் நடத்தும் சர்க்கரை நோய் ஆராய்ச்சி அறக்கட்டளை.

அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது முந்திரி. நம் வீடுகளில் முந்திரிக்குக் கெட்ட பெயர் அதிகம். பாயசத்திலும் பொங்கலிலும் நெய்யோடே பார்த்துப் பழகியதால், நெய்யின் பழியும் அதன் தலையில் விழுந்துவிட்டது. சர்க்கரை நோயுள்ள 300 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான உணவுத் திட்டத்தோடு தினமும் 30 கிராம் உப்பில்லாத, வறுக்காத முந்திரி, பன்னிரண்டு வாரம். 2018-இல் வெளியிட்ட முடிவில் முந்திரி தின்றவர்களின் மேல் ரத்த அழுத்தம் சராசரி 4.9 அலகு இறங்கியிருந்தது, மற்றவர்களுக்கு 1.7. எச்.டி.எல். கொஞ்சம் ஏறியிருந்தது. எடை கூடவில்லை, சர்க்கரை கூடவில்லை, எல்.டி.எல். கூடவில்லை. எச்.டி.எல். ஏற்றத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மாத்திரையால் எச்.டி.எல்.-ஐ ஏற்றிப் பார்த்த பெரிய சோதனைகளில் பெரும்பாலானவை மாரடைப்பைக் குறைக்கவில்லை. முந்திரி கெடுதல் செய்யவில்லை என்பதுதான் பண்ருட்டிக்காரர்கள் சட்டம் போட்டு மாட்டவேண்டிய செய்தி.

அடுத்தது பாதாம். உடல் எடை கூடிய 400 பேர், நாளுக்கு 43 கிராம், அதே பன்னிரண்டு வாரம். 2023-இல் வந்த முடிவில் இன்சுலின் எதிர்ப்புக் குறைந்தது, மொத்தக் கொலஸ்டிராலும் ட்ரைகிளிசரைடும் இறங்கின, இடுப்புச் சுற்றளவும் சுருங்கியது. வயிறு முன்னால் நிற்கும் ஆட்களுக்கு இவைதான் வேண்டியவை. இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது கலிபோர்னியாவின் பாதாம் வாரியம். அதனால் முடிவு பொய் என்று சொல்ல மாட்டேன், சோதனை ஒழுங்காகவே நடந்திருக்கிறது. ஆனால் எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பதைக் காசுதான் தீர்மானிக்கிறது. பாதாமுக்கு வாரியம் இருக்கிறது, பிஸ்தாவுக்குச் சங்கம் இருக்கிறது. பேருந்து நிலையத்துக் கடலை வண்டிக்காரருக்கு யார் இருக்கிறார்கள்?

கடலைக்கென்று தனியாகக் கேட்கப்படாத கேள்விகளுக்கும் பெரும்பாலும் விடை ஊகிக்கலாம், ஏனென்றால் உள்ளே நடக்கும் வேலை ஒன்றேதான். நெய்யிலும் வனஸ்பதியிலும் உள்ள நிறைவுற்ற கொழுப்பு நிறையச் சேர்ந்தால், ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகளைக் கல்லீரல் குறைத்துக்கொள்கிறது. கொட்டையில் இருப்பதில் பெரும்பகுதி நிறைவுறாத கொழுப்பு. நிறைவுற்றதன் இடத்தில் இது வந்தால் கொக்கிகள் மறுபடி முளைக்கின்றன. இன்னொரு வேலை குடலில் நடக்கிறது. செடிகளில் கொலஸ்டிராலுக்குப் பதில் அதன் சாயலில் ஸ்டீரால் என்று ஒன்று உண்டு. குடலின் வாசலில் கொலஸ்டிராலும் இதுவும் ஒரே வரிசையில் முண்டியடிக்கும். ஸ்டீராலை உடல் பெரும்பாலும் உள்ளே விடாது. அது வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதால் கொலஸ்டிராலும் கொஞ்சம் வெளியே தங்கிவிடும்.

ரத்த அழுத்தம் இறங்குவதற்கு மெக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றோடு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தையும் சொல்கிறார்கள். நூறு கிராம் நிலக்கடலையில் அது சுமார் மூன்று கிராம். இதிலிருந்துதான் ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் செய்கிறது. குழாயைத் தளர்ந்து விரியச் சொல்லும் சைகை அது. இந்தக் கண்டுபிடிப்புக்கு 1998-இல் மூன்று அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சு வலிக்கும்போது மாமா நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையும் இதே வாயுவை வெளியிட்டுத்தான் வேலை செய்கிறது. அந்த மாத்திரைக்கு மூதாதை நைட்ரோகிளிசரின், அதாவது டைனமைட்டின் சரக்கு. டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபலுக்கே வயதான காலத்தில் நெஞ்சுவலிக்கு அதைத்தான் எழுதிக்கொடுத்தார்கள். கடலையில் உள்ள ஆர்ஜினின் மாத்திரை அளவுக்கு வேலை செய்யும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இது பல காரணங்களில் ஒன்று, சின்னக் காரணம்.

என் பார்வையில் பெரிய காரணம் வேறு. 2011-இல் டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் ஒரு சோதனை வெளியிட்டார். எந்த உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்ற பட்டியலை 1981-இல் உலகத்துக்குத் தந்தவர் இவர்தான். சர்க்கரை நோயுள்ள 117 பேருக்கு மூன்று மாதம். ஒரு பிரிவுக்கு நாளுக்கு 75 கிராம் கொட்டை, இன்னொரு பிரிவுக்கு அதே கலோரியில் முழுக்கோதுமை மஃபின், மூன்றாவதுக்குப் பாதிப் பாதி. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி கொட்டைப் பிரிவில் 0.21 புள்ளி இறங்கியது. எல்.டி.எல்.லும் இறங்கியது. மஃபின் பிரிவில் அந்த இறக்கம் இல்லை. கொட்டை ஏதோ மருந்து போல வேலை செய்தது என்று இதைப் படிக்கலாம். அவர்கள் மஃபின் தின்னவில்லை என்றும் படிக்கலாம். எனக்கு இரண்டாவது வாசிப்புத்தான் உரைக்கிறது.

நாம் உண்ணும் ஆற்றலில் அறுபது சதவீதத்துக்கும் மேல் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை. மிச்சமான மாவுச்சத்தைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றிவிடுகிறது. மாமாவின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தது அதுதான். சாயங்காலப் பலகாரம் வடையாகவும் மிக்சராகவும் இருந்து, அவற்றோடு கடலையும் சேர்ந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. கடலை வந்து மிக்சர் போனால்தான் கணக்கு மாறும். கடலையை விட்டுவிட்டு மிக்சரை வைத்துக்கொண்டது மாமா செய்த பண்டமாற்று. இரு கை நஷ்டம்.

எவ்வளவு என்று கேட்பார்கள். ஆய்வுகளில் பெரும்பாலும் 30 கிராம். வீட்டுத் தராசில் நம்மூர்ச் சிறு பருப்பைப் போட்டுப் பார்த்தேன், எழுபது எண்பது பருப்புக்கு முள் அங்கே நின்றது. ஒரு கைப்பிடி. வறுத்ததா அவித்ததா என்பதில் இதயத்துக்குப் பெரிய பேதம் கிடையாது. சிவந்த தோலை ஊதித் தள்ளுவது பழக்கம், ஆனால் துவர்ப்பான சத்துகளில் நிறைய அந்தத் தோலில்தான் இருக்கின்றன. உப்பில் புரட்டிய கடலை, காரம் தடவி எண்ணெயில் பொரித்த மசாலாக் கடலை ஆகியவற்றில், கடலை ரத்த அழுத்தத்துக்குச் செய்யும் நல்லதை உப்பு வாங்கிக்கொண்டு போய்விடும். கழுகுமலை வழியாகக் கொஞ்சம் கிழக்கே போனால் கோவில்பட்டி, அதன் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் அதற்கு விரோதி அல்ல, ஒன்று தின்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதில் பாகும் இருக்கிறது, அது வெல்லமாக இருந்தாலும் சர்க்கரைதான். தேங்காயைக் கொட்டை என்று இந்தக் கூட்டத்தில் சேர்க்க முடியாது. அதன் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு, ஆகவே அதன் கணக்கே வேறு.

ஒரு எச்சரிக்கையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன, ஒரு லட்சத்துக்கும் மேல். தோண்டித் துருவியதில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குத் தீவனத்தில் ஒரு பூஞ்சை, பூஞ்சையில் ஒரு நஞ்சு. அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். கல்லீரலைக் கெடுக்கும், நாளடைவில் புற்றுநோயையும் கொண்டுவரும். வறுத்தால் கொஞ்சம் குறையுமே தவிர முழுவதும் அழியாது. பறித்த கடலையை ஈரம் போகக் காயவைக்காமல் மூட்டை கட்டுவதில்தான் இது தொடங்குகிறது. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் சம்சாரியும் பாவம், என்ன செய்வார்? சுருங்கிய பருப்பு, நிறம் மாறிய பருப்பு, பொடி படர்ந்த பருப்பு இவற்றைப் பொறுக்கி எறிந்துவிடலாம். வாயில் கசந்தால் வெட்கப்படாமல் துப்பிவிட வேண்டும். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு முழுக் கடலையைக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். சிலருக்குக் கடலை ஒவ்வாது. சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தின்பதே நல்லது.

இதையெல்லாம் நான் மாமாவிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. ராஜபாளையம் பஸ் தாமதமானதால் பாதியாவது சொல்ல முடிந்தது. பெட்டகக் கதையை அவர் கவனமாகக் கேட்டார். செக்கு என்றதும் சிரித்தார், அவருடைய அப்பா செக்கு வைத்திருந்தவர்.

"அப்ப நல்லா மென்னு திங்கணும்னு எங்க அப்பா சொன்னது தப்புங்கியா?"

"தப்பில்ல மாமா. நீங்க எப்படி மென்னாலும் புண்ணாக்குல எண்ணெ இருக்கத்தான் செய்யும்."

கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், வறுத்ததைத் தாண்டி அவித்த கடலைக் குண்டானைக் காட்டினார். வண்டிக்காரர் ஈரச்சாக்கை விலக்கி ஒரு உழக்கு அள்ளிப் பொட்டலத்தில் போட்டுவிட்டு, உப்புக் கிண்ணத்துக்குக் கையைக் கொண்டுபோனார்.

"உப்பு வேண்டாம்யா. எலுமிச்சங்காய மட்டும் நல்லாப் பிழி."

ஓட்டை உடைத்து, சாறு வழிய ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். மஞ்சள் பையை என் மடியில் வைத்தார்.

"இந்த மிக்சர நீ கொண்டு போயிரு மாப்ள. ஒங்க அத்த திங்க மாட்டா."